'நோ' சொல்லத் தகுதி பெற்றவர்

கண்டக்டருக்கு வாழ்க்கையில் எதற்கெல்லாமோ பஞ்சம் வந்திருக்கிறது, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வந்ததில்லை. "போகாது", "நிக்காது", "இடமில்ல", "நோ நோ, அடுத்த வண்டி!" என்று காலையில் பஸ் ஏறியதிலிருந்து பொழுதுசாய இறங்கும்வரை அள்ளி இறைப்பார். கேட்டவன் முறைப்பான், வாய்க்குள்ளேயே திட்டுவான், பிறகு அடுத்த வண்டியில் ஏறி வீடு போய்ச் சேருவான். அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு 'நோ'வுக்காக ஆஸ்பத்திரி மாடி மாடியாக ஏறி, கையெடுத்துக் கும்பிட்டு நின்ற கதை இது. சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடுவில் வார்த்தை கொஞ்சம் தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைப்பவள். இடது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறி. பகலா இரவா என்பது தெரியும், எதிரே ஆள் நிற்பது தெரியாது. ஊசியில் நூல் கோத்தது, காஜா எடுத்தது, புருஷன் முகத்தைப் பார்த்து அவன் புளுகுவதைக் கண்டுபிடித்தது எல்லாமே வலது கண்தான். அந்த வலது கண்ணில் ஒருநாள் பளிச் பளிச்சென்று மின்னல் வெட்டியது. மறுநாள் காலை தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "என்னங்க, ஜன்னலோரத்துல யாரு கறுப்புத் துணி தொங்கவிட்டது?" என்று கேட்டாள்.

ஜன்னலில் துணி எதுவும் இல்லை.

தெருக்கோடியில் இருந்த கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். பார்த்தவர் சுற்றிவளைக்கவில்லை. "கண்ணுக்குள்ள விழித்திரை உரியுதும்மா. சுவத்துல ஒட்டின காகிதம் ஓரத்துலேர்ந்து உரியுமே, அந்த மாதிரி. நடுவுக்கு வர்றதுக்குள்ள ஒட்டிடணும். அப்புறம்னா கஷ்டம்," என்றார். பிறகு கண்டக்டரைத் தனியாக அழைத்தார். "இங்க பெரிய ஆஸ்பத்திரில முடியுமான்னு உடனே கேளுங்க. முடியாதுன்னா அடுத்த ஊர் கண் ஆஸ்பத்திரிக்கு ரயிலேறிடுங்க. ஆனா ஒண்ணு. உள்ளூர்ல கைவிட்டாத்தான் அவங்க சேர்த்துப்பாங்க. அவங்களே இங்க போன் பண்ணிக் கேட்பாங்க. இங்க ஒருத்தர் வாயைத் திறந்து 'நோ'ன்னு சொன்னா போதும், அங்க ஆபரேஷன் மேஜை தயாரா இருக்கும்."

"அவ்வளவுதானே டாக்டர்? 'நோ' சொல்றதுக்கு என்ன!" என்றார் கண்டக்டர். பாவம், தொழில் புத்தி.

பெரிய ஆஸ்பத்திரி பெரிதாகத்தான் இருந்தது. கண்ணாடிக் கதவு, சறுக்கும் தரை, எல்லாச் சுவரிலும் பல் தெரியச் சிரிக்கும் குடும்பங்கள். வண்டி நிறுத்தக்கூடாத இடத்தில், 'உங்கள் வண்டி வேறிடத்தில் இன்னும் மகிழ்ச்சியாக இருக்கும்' என்று பலகை. உள்ளே போகக்கூடாத கதவில், 'பிற கதவுகள் உங்களுக்காக ஏங்குகின்றன'. 'நோயாளி' என்ற சொல்லின் தலைமாட்டிலேயே அந்த 'நோ' உட்கார்ந்திருப்பதை யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்ததிலிருந்து, அங்கே வருகிறவர்கள் எல்லாரும் விருந்தினர்கள். பிணவறைக்குப் பெயர் நிறைவு அறை.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பு முகத்திலேயே தைத்து வைத்தது போல இருந்தது.

"விழித்திரை ஆபரேஷன் பண்ற டாக்டர் இங்க இருக்காராம்மா, இல்லையா?"

"வணக்கம் சார். விழித்திரைக்கு எங்க மனசுல எப்பவுமே இடம் உண்டு."

"மனசு கிடக்கட்டும். டாக்டர் இருக்காரா?"

"டாக்டர் ஒரு வளர்ச்சிப் பயணத்துல இருக்காங்க சார்."

"வெளியூரா?"

"இதே கட்டடம்தான். நாலாவது மாடி."

"அப்ப இருக்கார்னு சொல்லு."

"வளர்ச்சி முடிஞ்சதும் முழுமையா இருப்பாங்க சார்."

கண்டக்டருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் டாக்டர் கட்டடத்துக்குள் இருக்கிறார், நாலு மாடி தள்ளி இருந்தாலும் வந்துவிடுவார் என்று மனைவியைச் சேர்த்துவிட்டார். அங்கேதான் ஏமாந்தார். கட்டில் கிடைத்தது, புதுத் தலையணை கிடைத்தது, ரத்தம் எடுத்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள், வேளைக்கு ஒருவர் வந்து "உங்க பயணம் அருமையாப் போயிட்டிருக்கு" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். கண்ணை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை. சாயங்காலம் அவள், "கறுப்பு மூக்கு வரைக்கும் வந்துடுச்சுங்க" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் கண்டக்டர் அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். கேட்டார்கள். திரும்பவும் கூப்பிட்டார்கள்.

"என்ன சார் நீங்க, உங்க ஆஸ்பத்திரில 'நாங்கள் எந்த விருந்தினரையும் மறுத்ததே கிடையாது'ங்கறாங்க. பண்றோம்னுதானே அர்த்தம்? எங்களுக்கு இங்க இடத்துக்கு அடிதடி. இருக்கற இடத்துலயே பார்த்துக்குங்க."

"ஐயோ, அவங்க பண்ண மாட்டாங்கய்யா!"

"அதை அவங்க சொல்லணும் சார்."

போன் வைக்கப்பட்டது. கண்டக்டர் நேராக வரவேற்பு மேஜைக்கு வந்து, தான் மனைவியைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அந்தப் பெண் சிரித்தபடியே பதறினாள். "விருந்தினர் தானா விலகறதும் ஒரு வகை மறுப்புதான் சார். அதுக்குத் தலைவரைப் பார்க்கணும்."

ஆஸ்பத்திரித் தலைவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார், நாற்காலி கொடுத்து, காபி கொடுத்து. கண்டக்டர் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் நெகிழ்ந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வலி எனக்குப் புரியுது. அதனாலதான் நாங்க ஒரு பெரிய ஆய்வு பண்ணினோம். ஆஸ்பத்திரில மனுஷனை அதிகமா நோகடிக்கறது எது? வலியா? செலவா? சாவா? எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, 'நோ'ங்கற சொல்! அதைக் கேட்டவங்கதான் அழறாங்க, கத்தறாங்க, புகார் குடுக்கறாங்க. உடனே அந்தச் சொல்லை எடுத்துட்டோம். அதோட சொந்தக்காரங்க, 'இல்லை', 'முடியாது', 'கூடாது', அதையும் சேர்த்து எடுத்தாச்சு. புகார் பாதியாக் குறைஞ்சுது!"

"நோய் குறைஞ்சுதா?"

"அது வேற துறை." தலைவர் கண்டக்டரின் கையை விட்டுவிட்டு எழுந்து ஜன்னலருகே போனார். "ரத்தத்துல ஓ நெகட்டிவ்னு ஒண்ணு இருந்துது. எவ்வளவு மனசைக் கெடுக்கற பேரு! ஓ அபூர்வ பாசிட்டிவ்னு மாத்தினோம். ஆரம்பத்துல ரெண்டு மூணு பேருக்குக் குழப்பம் வந்துது."

"என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"முழுமையான டிஸ்சார்ஜ். அவங்க பக்கத்துலேர்ந்து ஒரு புகார்கூட வரல."

கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, என்னை நோகடிச்சா பரவால்ல. நான் அழ மாட்டேன், கத்த மாட்டேன். அந்த ஊர்லேர்ந்து போன் வரும்போது யாராவது ஒருத்தர் 'நோ'ன்னு சொல்லச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை."

தலைவர் சந்தோஷத்தில் மலர்ந்தார். "உங்க கோரிக்கை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்தக் கட்டடத்துல அந்தச் சொல்லை உபயோகிக்கத் தகுதி பெற்றவர் ஒரே ஒருத்தர்தான். மொழி அதிகாரி. நாலாவது மாடி. போய்ப் பாருங்க, தாராளமா."

"அவர் இதுவரைக்கும் யாருக்காவது சொல்லியிருக்காரா?"

"தகுதியைக் காப்பாத்திட்டு வர்றார்," என்றார் தலைவர்.

நாலாவது மாடியில் பள்ளிக்கூட பெஞ்சுகள் போட்ட ஒரு கூடம். சுவரில் பெரிய எழுத்தில், 'நோ: பொருளும் முறையான பயன்பாடும்'. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் குழந்தைகள் அல்லர், வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள். முன் பெஞ்சில் ஒரு நர்ஸ். ஒரு விருந்தினருக்கு மூச்சு இருக்கிறதா என்று கேட்டதற்கு 'நோ' என்று கத்தி ஆள் கூப்பிட்டவள். அவள் பக்கத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர். பிரேக் பிடிக்கிறதா என்ற கேள்விக்கு அதே பதிலைச் சொன்னவர். கடைசி பெஞ்சில், தாடியும் சுருக்கமும் கடுப்புமாக ஒரு நெட்டை மனிதர். எல்லாரும் அவரைச் சிடுமூஞ்சி என்றார்கள். அவர்தான் விழித்திரை டாக்டர்.

அவர் செய்த குற்றம் இது: ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்டிக்கொடுத்த கனவான், நாலு நண்பர்களோடு ஆபரேஷன் அறைக்குள் வந்து நின்று வேடிக்கை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். சிடுமூஞ்சி கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் 'நோ' என்றிருக்கிறார். அன்றைக்குப் பெஞ்சுக்கு வந்தவர்தான். ஒவ்வொரு பரீட்சையிலும் தேறாமல் அங்கேயே கிடக்கிறார். தேறும்வரை கத்தியைத் தொடக்கூடாது. மன்னிக்கவும், 'கத்தி அவருக்காகக் காத்திருக்கும்'.

மொழி அதிகாரி மழமழவென்று இருந்தார். குரலும் அப்படித்தான், வெண்ணெய் தடவினாற்போல. பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"திரும்பவும் சொல்றேன். 'நோ' கெட்ட சொல் கிடையாது. தப்பான வாயிலேர்ந்து வர்றதுதான் கெட்டது. மேல இருக்கறவங்க கீழ பார்த்துச் சொன்னா அது வழிகாட்டுதல். அப்பகூட நாம சிரிச்சுக்கிட்டே வேற மாதிரி சொல்லிடறோம். கீழ இருக்கறவங்க மேல பார்த்துச் சொன்னா அது மொழிப் பிழை. பிழையைத் திருத்தத்தான் இந்த வகுப்பு. புரியுதா?"

"நோ," என்றார் சிடுமூஞ்சி.

அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு, வாசலில் நின்ற கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தார். கண்ணு, கறுப்பு, ரயில், போன், ஒரு 'நோ'.

"நல்ல வேண்டுகோள்," என்றார் அதிகாரி. "நான் 'நோ' சொன்னா இங்க விழித்திரை டாக்டர் இல்லைன்னு ஆகும். டாக்டர் இங்கதானே உட்கார்ந்திருக்கார்? நான் பொய் சொல்லலாமா?"

"அப்ப அவரை ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க!"

"பரீட்சை தேறினதும் தாராளமா. உங்க நல்ல நேரம், இப்பவே பரீட்சைதான். உறவினர் வேஷத்துக்கு ஒரு ஆள் தேவை. நீங்க அசல் உறவினரே. வாங்க, இப்படி நில்லுங்க. டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க. அவர் அந்தச் சொல்லும் அதோட சொந்தக்காரங்களும் இல்லாம, உங்க மனசு குளிர்ற மாதிரி பதில் சொல்லணும்."

சிடுமூஞ்சி எழுந்து வந்து எதிரே நின்றார். கண்டக்டருக்கு வேஷம் போடத் தெரியாது. அவரிடம் ஒரு கேள்விதான் இருந்தது.

"டாக்டர், என் பொண்டாட்டி கண்ணு நாளைக்கு வரைக்கும் தாங்குமா?"

சிடுமூஞ்சியின் முகம் மாறியது. "திரை எதுவரைக்கும் வந்திருக்கு?"

"நேத்து மூக்கு வரைக்கும்னா. இன்னிக்கு என் மூஞ்சி பாதிதான் தெரியுதுங்கறா."

"பாதி தெரியுதா? அப்ப நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. ஆபரேஷன் அறையைத் திறக்கச் சொல்லுங்க, இப்பவே பண்ணணும்!" என்று கோட்டைக் கழற்றியபடி வாசலைப் பார்த்து நடந்தார்.

"டாக்டர்," என்றார் அதிகாரி, அதே வெண்ணெய்க் குரலில். "பதில் இன்னும் வரல. வெளியே போனா இந்தப் பரீட்சையும் போச்சு. அடுத்தது அடுத்த மாசம்."

டாக்டர் நின்றார். திரும்பினார். "தாங்கா..." என்று ஆரம்பித்தார்.

கண்டக்டர் பாய்ந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் டாக்டர், சொல்லிடாதீங்க! உங்க காலைப் பிடிக்கறேன். என்கிட்ட பொய் சொல்லுங்க. நல்லாப் பெருசாச் சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். சொல்லிட்டு வந்து கத்தியை எடுங்க."

அத்தனை பரீட்சைகளில் வளையாத மனிதர், தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"நாளை என்பது உங்கள் மனைவியின் கண்ணுக்கு ஒரு அழகான வாய்ப்பு."

அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். பெஞ்சுகள் கைதட்டின. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் கண்டக்டர்தான். தட்டும்போதே அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்த அதிகாரி, "பாருங்க, எப்படி மனசு குளிர்ந்திருக்கு!" என்று வகுப்புக்கு எடுத்துக்காட்டினார்.

"இப்பப் போகலாமா?" என்றார் சிடுமூஞ்சி.

"பட்டமளிப்பு ஆனதும்," என்றார் அதிகாரி.

பட்டத்தைத் தலைவர் கையால்தான் வாங்க வேண்டும். தலைவரோ 'மறுப்பற்ற மருத்துவம்' என்ற தலைப்பில் பேசுவதற்காக அன்று மதியமே விமானம் ஏறிவிட்டார். திரும்பி வர இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும் சிடுமூஞ்சி கட்டில் பக்கத்தில் வந்து வந்து நின்றார். அவளை ஆட்டாமல் அசைக்காமல் படுக்கவைத்துத் தலையணையை இப்படியும் அப்படியும் மாற்றினார். ஆபரேஷன் அறைக் கதவு பூட்டியே இருந்தது. பிற கதவுகள் அவருக்காக ஏங்கின. 'போயிடலாங்க, அங்க போய் வாசல்லயாவது உட்காருவோம்' என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். 'டாக்டர் தேறிட்டார்மா, இன்னும் கொஞ்சம்தான்' என்று இவர் இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை அவள் சொல்லவில்லை. அவர் முகம் இருந்த திசையில் கையை நீட்டித் துழாவினாள்.

தலைவர் வந்தார். நீல அங்கி போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். முதல் போட்டோவில் சிடுமூஞ்சி சிரிக்கவில்லை என்று திரும்பவும் எடுத்தார்கள். தலைவர் பேசினார். சுருக்கமாகப் பேசியதாகச் சொன்னார்கள். சுருக்கம் முடியும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

அங்கியை மேடையிலேயே உதறிப் போட்டுவிட்டு ஓடினார் டாக்டர். ஆபரேஷன் வெகுநேரம் நடந்தது. வெளியே வந்தவர் நேரே கை கழுவப் போனார், கண்டக்டரும் பின்னால் போகவில்லை. கட்டுப் பிரிக்கட்டும் என்று இருந்துவிட்டார்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். புதிதாகத் தேறியவர்களுக்கு மேற்பார்வை உண்டு என்பதால் மொழி அதிகாரியும் கட்டில் ஓரத்தில் வந்து நின்றார். டாக்டர் அவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, விளக்கை வலது கண்ணுக்கு அருகே பிடித்தார்.

"வெளிச்சம் தெரியுதாம்மா?"

"இல்ல."

அதிகாரி லேசாக இருமினார். டாக்டர் விளக்கை இடமும் வலமும் ஆட்டினார். மேலே பிடித்தார், கீழே பிடித்தார். பிறகு அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டாக்டர்," என்றார் கண்டக்டர். "இனிமே பார்வை வருமா?"

டாக்டர் அவரைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். அவர் தேறி வரட்டும் என்று காத்திருந்த வேறு கண்கள் வரிசையில் இருந்தன. கதவுக்கு வெளியே ஒரு கிழவரும் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும் கண்ணில் துணி கட்டி உட்கார்ந்திருந்தது அந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, நன்றாகத் தேறியவரைப் போலவே சொன்னார்:

"உங்க மனைவிக்கு இனிமே காதும் கையும் ரொம்பக் கூர்மையாகும்."

"அற்புதம்," என்றார் மொழி அதிகாரி.

டாக்டர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. அடுத்த கண்ணுக்குப் போய்விட்டார்.

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கணவர் பக்கம் என்று நினைத்து மருந்து அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "என்னங்க, என்ன சொல்லிட்டுப் போறார் அவர்? எனக்கு ஒண்ணும் புரியல. கண்ணு வருமா, வராதா?"

கண்டக்டர் சுற்றிவந்து அலமாரிக்கு முன்னால் நின்றார். அவள் முகம் எங்கே பார்த்ததோ அங்கே தன் முகத்தை வைத்துக்கொண்டார்.

"வராதும்மா. போயிடுச்சு."

அவள் கையை எடுத்து அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இவங்க நாம வந்த அன்னிக்கே இப்படி நேரா சொல்லியிருந்தா ரயிலேறிப் போயிருப்போமேங்க," என்றாள்.

"சார்," என்று பக்கத்தில் வெண்ணெய்க் குரல் கேட்டது. "உங்க உணர்வை நான் மதிக்கறேன். ஆனா நீங்க இப்ப உபயோகிச்ச அந்தச் சொல்லுக்கு இந்தக் கட்டடத்துக்குள்ள முறையான தகுதி வேணும். உறவினர்களுக்குன்னே தனியா ஒரு வகுப்பு நடத்தறோம். திங்கட்கிழமை ஆரம்பம். உங்களுக்கு ஒரு இடம் போட்டு வைக்கவா?"

அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "யாருங்க அது?"

"யாருமில்லம்மா," என்றார் கண்டக்டர். "எழுந்திரு, போகலாம். என் தோளைப் பிடிச்சுக்கோ."